முன் பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுடுமா? பழைய புல்லட்டும் புது ஃபோர்க்கும்

“முன் பிரேக்க மட்டும் தொட்டுடாத, தூக்கிப் போட்டுடும்.”

நம்மில் பெரும்பாலோருக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்த அப்பாவோ மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ சொன்ன முதல் எச்சரிக்கை இதுவாகத்தான் இருக்கும்.

அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் டூட்டி பார்க்கிறவன் நான். பைக்கில் விழுந்து வருகிறவர்களிடம் எப்படி விழுந்தீங்க, என்ன வேகம், எந்தப் பக்கம் சாய்ந்தீங்க என்று கேட்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. உடம்புக்குள் எந்தக் காயத்தைத் தேட வேண்டும் என்பதற்கு அந்தப் பதில்தான் வழிகாட்டி.

அடிக்கடி கேட்கிற பதில் இதுதான். “பிரேக் அடிச்சேன் சார், வண்டி நிக்கல. வழுக்கிட்டுப் போயிடுச்சு.”

எந்த பிரேக்?

“கால் பிரேக்தான் சார்.”

சரி, இதற்கும் தலைப்பில் இருக்கும் பழைய புல்லட்டுக்கும் என்ன சம்பந்தம்? நண்பர்கள் சிலர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “டாக்டர், தாத்தா காலத்து புல்லட் வீட்ல இருக்கு. டிஸ்க் பிரேக் வெச்ச புது ஃபோர்க்கும் அலாய் வீலும் மாட்டலாமா?”

ஒரு வரியில் ஆமாம், இல்லை என்று சொல்லிவிட முடியாது. பதில் 90 வருடங்களுக்கு முன்னால் தொடங்குகிறது. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் எல்லாரும் முன்னால் சாய்கிறோம் அல்லவா? பைக்கின் எடையும் அப்படித்தான் முன்னால் போகும். நல்ல பிரேக் போடும்போது புல்லட் மாதிரி வண்டியில், வண்டி எடையும் ஓட்டுபவர் எடையும் சேர்ந்து தோராயமாக 80 விழுக்காடு முன்சக்கரத்தின் மேல் இறங்கிவிடும். பின்சக்கரம் கிட்டத்தட்ட சும்மா தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கும். அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் அது நிற்கும். வண்டி நிற்காது, வழுக்கும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். கால் பிரேக் மட்டும் போட்டால் வண்டி நிற்க ஏறக்குறைய 40 மீட்டர் வேண்டும். இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் போட்டால் சுமார் 20 மீட்டர் போதும். பிரேக்கைத் தொடுவதற்கு முன் மூளை யோசிக்கும் நேரத்தில் போகிற தூரம் இதில் சேராது. அது இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இப்போது இதைப் பாருங்கள். இரண்டு பிரேக் போட்டவர் 20-வது மீட்டரில் நின்றுவிட்டார். கால் பிரேக் மட்டும் போட்டவர் அதே இடத்தைத் தாண்டும்போது இன்னும் 42 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்.

எதிரில் நிற்கும் லாரியின் பின்பக்கத்தில் 42 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் தொடை எலும்பு, இடுப்பெலும்பு, முகம் எல்லாம் என்ன ஆகும் என்று நான் இங்கே விவரிக்கவில்லை. சாப்பிடும் நேரமாக இருக்கலாம்.

அப்படியென்றால் இந்த முன் பிரேக் பயம் எங்கிருந்து வந்தது? நம்ம ஊர் ஆட்கள் முட்டாள்களா? இல்லை. அந்தப் பயத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன.

ஒன்று சைக்கிள். குரங்குப் பெடல் போட்டு ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். சைக்கிளில் ஆளின் எடை உயரத்தில் இருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு. முன் பிரேக்கை அமுக்கிப் பிடித்தால் நிஜமாகவே ஹேண்டில்பாருக்கு மேல் பறந்து விழுவோம். அந்தப் பாடம் அப்படியே பைக்குக்கும் வந்துவிட்டது. புல்லட் நீளமான வண்டி, எடையும் தாழ்வாக இருக்கும். காய்ந்த தார் ரோட்டில் நேராகப் போகும்போது முன் பிரேக் போட்டு புல்லட்டைக் குப்புறக் கவிழ்ப்பது ரொம்பக் கஷ்டம். அதற்கு முன்பே டயரின் பிடி தீர்ந்துவிடும்.

மணலிலும், மழையிலும், வளைவில் சாய்ந்திருக்கும்போதும் முன்சக்கரம் லாக் ஆனால் விழுவோம் என்பது உண்மை. அந்தப் பாதி உண்மைதான் முழுப் பயமாக மாறி இருக்கிறது.

இன்னொரு காரணம் ஃபோர்க். இங்கேதான் வரலாறு வருகிறது.

ஃபோர்க் என்றால் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் அந்தக் கால்கள். நம்ம மெக்கானிக்குகள் முன் ஷாக் அப்சர்பர் என்பார்கள். அது ஓட்டுபவரின் முதுகைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது உப வேலைதான். முக்கியமான வேலை முன் டயரைத் தரையோடு ஒட்டி வைப்பது. டயர் ஒரு நொடி எம்பினாலும் அந்த நொடியில் பிரேக் பிடித்தால் சக்கரம் லாக் ஆகிவிடும். எம்பிய டயருக்குத் தரையில் பிடி இல்லை அல்லவா.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களில் சைக்கிள் மாதிரியே விறைப்பான ஃபோர்க்தான். பிறகு கர்டர் ஃபோர்க் வந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், முன்சக்கரத்துக்கு மேலே ஒரு சட்டம், நடுவில் ஒரு பெரிய ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கும், பிறகு எழும்பும், மறுபடி அமுங்கும். அந்த ஆட்டத்தை அடக்க உராய்வுத் தட்டுகள் இருந்தன, ஒரு திருகைக் கையால் திருகி இறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்படிக் குதித்துக் குதித்துப் போகும் சக்கரத்தில் முன் பிரேக் பிடிக்கச் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது?

இங்கிலாந்தில் ஸ்காட் என்ற கம்பெனி 1908-லேயே குழாய்க்குள் குழாய் போகும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வைத்தது. ஆனால் எண்ணெய் போட்டு ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடு அதில் இல்லை. 1934-இல் டென்மார்க்கின் நிம்பஸ் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கோடு வந்தது. 1935-இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ ஆர்12, ஆர்17 என்ற இரண்டு வண்டிகளில் குழாய்க்குள் எண்ணெய் நிரப்பி, சின்னத் துளை வழியாக அதைப் பிதுங்க வைத்து ஆட்டத்தை அடக்கியது. இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பைக்கின் ஃபோர்க்குக்கும் அடிப்படை அதுதான். இன்ஜெக்‌ஷன் போடும்போது மெல்லிய ஊசி வழியாக மருந்தை வேகமாகத் தள்ள முடியாது, சிரிஞ்ச் எதிர்த்துக்கொண்டு நிற்கும். அதே தத்துவம்.

அதே 1935, மே 13. இங்கிலாந்தின் டோர்செட்டில் ஒருவர் பிரஃப் சுப்பீரியர் எஸ்எஸ்100 பைக்கில் போகிறார். எதிர்பாராமல் சைக்கிளில் இரண்டு சிறுவர்கள். அவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்துத் திருப்புகிறார், தூக்கி எறியப்படுகிறார். தலையில் பலத்த காயம். 6 நாள் கழித்து மே 19 அன்று இறந்துபோனார். அவர் டி.ஈ. லாரன்ஸ், “லாரன்ஸ் ஆஃப் அரேபியா” படத்தின் நிஜ நாயகன்.

பிரேக் நன்றாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் அந்தச் சாவை மறக்கவில்லை. 1941-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் தலைக்காயமும் ஹெல்மெட்டும் பற்றிக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஹெல்மெட் கதை தனி த்ரெட்டுக்கு உரியது, இப்போது ஃபோர்க்குக்கே திரும்புவோம்.

இரண்டாம் உலகப் போரில் கடிதங்களும் கட்டளைகளும் பைக்கில்தான் போயின. இருட்டில், குண்டு விழுந்த ரோட்டில், விளக்கை மறைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். 1941-இல் மேட்ச்லெஸ் ஜி3/எல் என்ற ராணுவ பைக் எண்ணெய் போட்ட டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கோடு வந்தது. ஜெர்மன்காரர்களின் யோசனையைப் பார்த்து, ஜெர்மன்காரர்களை எதிர்த்தே பயன்படுத்தினார்கள்.

நம்ம ராயல் என்ஃபீல்டு அந்தப் போரில் என்ன செய்தது தெரியுமா? ஃப்ளையிங் ஃப்ளீ என்று 125 சிசி குட்டி பைக். இரும்புக் கூண்டில் வைத்து பாராசூட்டில் கீழே போடுவார்கள். அதன் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கே கிடையாது, ரப்பர் வளையம்தான். சிரிக்காதீங்க, வேலை செய்தது.

போர் முடிந்ததும் ராயல் என்ஃபீல்டும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குக்கு மாறியது. 1948-இல் இத்தாலியின் சான் ரேமோவில் நடந்த 6 நாள் சர்வதேசப் போட்டியில் புது புல்லட்டின் முன்மாதிரிகள் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கின. முன்னால் எண்ணெய் ஃபோர்க், பின்னால் ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சர்பரும். அந்தக் காலத்தில் பல பைக்குகளுக்குப் பின்னால் எந்த சஸ்பென்ஷனும் இல்லாதபோது இது பெரிய விஷயம். 1949-இல் 350 சிசி புல்லட் விற்பனைக்கு வந்தது.

நல்லா கவனியுங்க. 1949-இல் புல்லட் பழைய வண்டி இல்லை. உலகத்திலேயே முன்னேறிய வண்டிகளில் ஒன்று.

1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்பத்தில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன, போகப்போக எல்லாம் இங்கேயே வார்த்து, கடைந்து, பூட்டப்பட்டன. தாய்க் கம்பெனி 1970-இல் மூடியே போனது. மகள் மட்டும் வடசென்னையில் உயிரோடு இருந்தாள்.

ஆனால் அவள் வளரவில்லை. இதுதான் கதையின் முக்கியத் திருப்பம்.

லைசென்ஸ் ராஜ் காலம் அது. இறக்குமதி செய்ய முடியாது, இயந்திரங்களை மாற்றப் பணமும் அனுமதியும் வேண்டும், போட்டியாளர்கள் என்று பெரிதாக யாரும் இல்லை. ராணுவமும் போலீஸும் வாங்கிக்கொண்டே இருக்க, வண்டியை ஏன் மாற்ற வேண்டும்? 1950-களின் ஃபோர்க், 1950-களின் டிரம் பிரேக் அப்படியே பல பத்தாண்டுகளுக்கு ஓடியது. முன் டிரம் 6 அங்குலம், பின்னாளில் 7 அங்குலம்.

1955-இல் ரோட்டில் என்ன இருந்தது? மாட்டு வண்டி, சைக்கிள், அம்பாசிடரின் முன்னோடிகள், எப்போதாவது ஒரு லாரி. அந்த ரோட்டுக்கு அந்த பிரேக் சரி. நான்குவழிச் சாலை வந்து, பக்கத்தில் 100 கிலோமீட்டரில் கார் பறந்து, திடீரென்று யூ-டர்ன் அடிக்கும் ரோட்டுக்கு அது சரியா?

டிரம் பிரேக்கின் பிரச்சினையை எளிமையாகச் சொல்றேன். வட்டமான இரும்புக் குண்டாவுக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உரசும். நீண்ட இறக்கத்தில் ஏற்காட்டிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் குண்டா சூடாகி விரியும், ஷூவிடமிருந்து விலகும். லீவர் ஹேண்டில்பார் வரை வரும், பிடி இருக்காது. டிஸ்க்கில் அது தலைகீழ். சூடானால் தட்டு தடித்து பேடை நோக்கித்தான் வரும். வெளியே காற்றில் இருப்பதால் சீக்கிரம் ஆறும், தண்ணீர் பட்டாலும் ஓரிரு சுற்றில் துடைத்துவிடும்.

ஹோண்டா சிபி750 1969-இலேயே ஹைட்ராலிக் முன் டிஸ்க்கோடு வந்துவிட்டது. உலகம் மாறிவிட்டது.

இந்தியாவுக்கு? இங்கே ஒரு வலிக்கும் கதை இருக்கிறது. யமஹா ஆர்டி350 ஜப்பானில் 1973-இல் முன் டிஸ்க்கோடு வந்த வண்டி. 10 வருடம் கழித்து 1983-இல் எஸ்கார்ட்ஸ் அதை ராஜ்தூத் 350 என்று இங்கே தயாரித்தது. வரும்போது டிஸ்க்கைக் கழற்றிவிட்டு டிரம் வைத்தார்கள். என்ஜின் சக்தியையும் குறைத்தார்கள். ஆனாலும் அன்றைய இந்திய ரோட்டில் அதை விரட்ட ஆள் இல்லை. ஆர்டி என்றால் ரேபிட் டெத் என்று பசங்க பெயர் வைத்தார்கள். கிண்டல் மாதிரி தெரியும். வேகமாக ஓடக் கற்றுக்கொடுத்துவிட்டு நிற்கக் கற்றுக்கொடுக்காத வண்டிக்கு அது கிண்டல் இல்லை.

இன்றைக்கு ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களில் சிலர் தேடித் தேடி முன் டிஸ்க் ஃபோர்க் மாட்டுகிறார்கள். பிறந்தபோது அந்த வண்டிக்கு இருந்ததைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

1994-இல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவை முழுதாக எடுத்துக்கொண்டது. 2000-களில் எலக்ட்ரா போன்ற மாடல்களில் முன் டிஸ்க் வந்தது. அதாவது, ஏறத்தாழ அதே பழைய வழி வந்த சட்டத்தில் தொழிற்சாலையே புது முன்பக்கத்தைப் பொருத்தியது! நீங்கள் இன்பாக்ஸில் கேட்கும் அறுவை சிகிச்சையை முதலில் செய்து பார்த்தது அந்தக் கம்பெனிதான்.

பிறகு 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குக்கும் ஏபிஎஸ் கட்டாயம். பதற்றத்தில் முன் பிரேக்கை முழுசாக அமுக்கினாலும் நேராகப் போகும்போது சக்கரம் லாக் ஆகாமல் அது பார்த்துக்கொள்ளும். “தூக்கிப் போட்டுடும்” என்ற பயத்துக்கு வந்த முறிவு மருந்து என்றே சொல்லலாம். பழைய புல்லட்டில் அந்த மருந்து கிடையாது. டிஸ்க் மாட்டினாலும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போ உங்க கேள்விக்கு வருவோம். மாட்டலாமா?

மாட்டலாம் என்று சொல்வதற்கு முன் இருக்கிற பிரேக்கைப் பாருங்கள். வீட்டில் 20 வருடமாக நிற்கும் புல்லட்டின் ஃபோர்க் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள்? பலர் மாற்றியதே இல்லை. ஃபோர்க் புஷ் தேய்ந்திருக்கும், சீல் கசிந்து எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போயிருக்கும், கேபிள் நீண்டு போயிருக்கும், டிரம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும், ஷூ கண்ணாடி மாதிரி வழவழப்பாகி இருக்கும். இதையெல்லாம் சரிசெய்த டிரம் பிரேக் 60 கிலோமீட்டருக்குள் ஓட்டுபவரை ஏமாற்றாது. ஞாயிற்றுக்கிழமை டீக்கடை வரை போய்வரும் வண்டிக்கு இது போதும் என்பது என் கருத்து.

நெடுஞ்சாலையில் தினசரி ஓட்டப் போகிறேன் என்றால் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் எதை மாற்றுகிறோம்?

சென்னை புதுப்பேட்டையில் எல்லா வண்டியின் முன்பக்கமும் கிடைக்கும். அதுதான் ஆபத்தும். ஒரு வண்டியின் ஃபோர்க் கால்கள், இன்னொரு வண்டியின் மேல் கீழ் தட்டுகள், மூன்றாவது வண்டியின் சக்கரம். அளவு சேராத இடத்தில் தகடு வெட்டி நுழைத்து டைட் வைப்பார்கள். பழைய டிரம் ஃபோர்க் காலிலேயே ஒரு பட்டையை வெல்டிங் வைத்து டிஸ்க் காலிபரை மாட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நீங்கள் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வெல்டிங்தான் முழு பலத்தையும் தாங்குகிறது. அது விட்டுப் போனால் காலிபர் சுழன்று போக்ஸ் கம்பிக்குள் போகும், சக்கரம் அந்த இடத்திலேயே நிற்கும். அப்போது நிஜமாகவே தூக்கிப் போடும்.

ரத்தம் ஏற்றுவதற்கு முன் குரூப் பார்த்து, கிராஸ் மேட்ச் செய்கிறோம் அல்லவா? முன்பக்கமும் ஒரே குடும்பத்திலிருந்து, ஒரே செட்டாக வர வேண்டும். ஃபோர்க் கால்கள், மேல் கீழ் தட்டுகள், ஆக்சில், சக்கரம், டிஸ்க், காலிபர், கைப்பிடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம். புல்லட்டுக்கு அந்தக் குடும்பம் இருக்கிறது, கம்பெனியே பொருத்திய 2000-களின் டிஸ்க் முன்பக்கம்தான் அது. வேறு கம்பெனியின் தலைகீழ் ஃபோர்க், 17 அங்குல அலாய் வீல் எல்லாம் பார்க்க ஜம்முனு இருக்கும். ஆனால் அது வேறு குரூப் ரத்தம்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் வார்டு ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தள்ளும்போது சக்கரம் எப்போதும் அதன் திருகுக்குப் பின்னாலேயே இழுபட்டு வரும், அதனால்தான் நேராகப் போகிறது. பைக்கின் முன்சக்கரமும் அப்படித்தான். ஹேண்டில்பாரின் அச்சை ஒரு கோடாக நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தரையைத் தொடும். அந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். அது இருப்பதால்தான் புல்லட் நேராகப் போகிறது.

19 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி 17 அங்குலம் மாட்டினால் டயர் அளவைப் பொறுத்து முன்பக்கம் சுமார் 3 சென்டிமீட்டர் இறங்கும். ஃபோர்க்கின் சாய்வும் ஒரு டிகிரிக்கு மேல் நிமிரும். இரண்டும் சேர்ந்து டிரெயில் தோராயமாக 2 சென்டிமீட்டர் குறைந்துவிடும். ஊருக்குள் லேசாக, சுறுசுறுப்பாக இருக்கும். “செம ஹேண்ட்லிங் மச்சி” என்று தோன்றும். 80-ஐத் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டில்பார் இடமும் வலமும் உதற ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்? புது ஃபோர்க்கின் நீளமும், தட்டுகள் ஃபோர்க்கை எவ்வளவு முன்னால் தள்ளிப் பிடிக்கின்றன என்பதும் வேறாக இருந்தால் கணக்கு இன்னும் மாறும். டேப் வைத்து அளந்து கணக்குப் போடாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு பெரிய புல்லட் டாக்டராக இருந்தாலும்.

இன்னொன்று, பழைய புல்லட்டின் முகம். ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், இருபக்கமும் இரண்டு சின்ன விளக்குகள், எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கும். கேஸ்கெட் என்பார்கள், 1954-இல் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்தது. அது வெறும் அழகு மூடி இல்லை. ஃபோர்க் குழாய்களின் மேல்முனை அதற்குள்தான் மரை போட்டு ஏறுகிறது. அதாவது மேல் தட்டே அதுதான். வேறு ஃபோர்க் மாட்டினால் அந்த முகமே போய்விடும். அலாய் வீலோடு போனால் ஸ்பீடோமீட்டரும் சிலசமயம் போகும், காரணம் பழைய புல்லட்டில் அதன் கேபிள் முன்சக்கரத்திலிருந்துதான் வருகிறது. வேகம் காட்டாத வண்டியில் புது பிரேக் வைத்து என்ன பயன்?

அலாய் வீலுக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை. டியூப்லெஸ் டயர் போடலாம். போக்ஸ் கம்பிச் சக்கரத்தில் டியூப் கிழிந்தால் காற்று சட்டென்று போகும், முன்சக்கரத்தில் அது நடந்தால் வண்டி கையில் நிற்காது. டியூப்லெஸ்ஸில் ஆணி குத்தினாலும் பெரும்பாலும் மெதுவாகத்தான் இறங்கும். எனவே 19 அங்குலத்திலேயே, அந்தக் குடும்பத்துக்கென்றே செய்த அலாய் கிடைத்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

கால் பக்கமும் ஒரு வார்த்தை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகள் நேர்மாறு. வாரம் முழுக்க புது பைக் ஓட்டிவிட்டு ஞாயிறு அன்று தாத்தா வண்டியை எடுத்தால், நாய் குறுக்கே வரும் அந்த ஒரு நொடியில் வலது கால் கியரைத்தான் மிதிக்கும். பதற்றத்தில் மூளை யோசிக்காது, பழக்கம்தான் வேலை செய்யும். ஆனால் முன் பிரேக் எல்லா வண்டியிலும் ஒரே வலது கையில்தான் இருக்கிறது. அதைப் பிடிக்கப் பழகியவருக்கு இந்தக் குழப்பத்தால் வரும் ஆபத்து பாதி குறையும். டிஸ்க் மாட்டிய பிறகு காலியான மைதானத்தில் 20 கிலோமீட்டரில் தொடங்கி, வண்டியை நேராக வைத்து, லீவரைச் சட்டென்று பிடிக்காமல் எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். பழைய டிரம்முக்குக் கொடுத்த அழுத்தத்தை டிஸ்க்குக்குக் கொடுத்தால் அதிகம். இரண்டாயிரம் ரூபாய் ஜாக்கெட்டைவிட அந்த ஒரு மணி நேரம் உங்கள் எலும்புகளைக் காப்பாற்றும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் உங்களுக்குப் பிடிக்காது.

2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவத்திலேயே பராமரிக்கப்படும் இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு விஏ என்ற வரிசையில் தனி எண். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து ஆண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000. சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான்.

ஆக 1970-களின் தொடக்கத்தில் பதிந்த புல்லட் வைத்திருப்பவருக்கு இப்போது ஒரு முடிவு இருக்கிறது. தினமும் ஓட்டும் வண்டியா, விண்டேஜ் வண்டியா? ஓட்டும் வண்டிதான் என்றால், கழற்றும் கேஸ்கெட், ஃபோர்க் கால்கள், 19 அங்குல டிரம் சக்கரம், கோன் செட், ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் துடைத்து, கிரீஸ் தடவி, சாக்குப் பையில் கட்டி, பேர் எழுதி மச்சில் வையுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சட்டத்தில் துளை போடாமல், எதையும் அறுக்காமல் மாட்டியிருந்தால் பின்னால் ஒருநாள் ஒரே மதியத்தில் பழையபடி பூட்டிவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் ஃபோர்க் வாங்கப் போகிறவர்கள் ஒரு கண்ணாடிப் பலகையைக் கையோடு எடுத்துப் போங்கள். குழாயைக் கழற்றி அதன்மேல் உருட்டுங்கள், அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் அது வளைந்த குழாய். ஏற்கெனவே யாரோ ஒருவர் அதோடு எங்கோ மோதியிருக்கிறார். வேறு கடை பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் கமெண்ட்டில் கேளுங்கள், நைட் டூட்டி முடிந்து வந்து பதில் போடுகிறேன்.